அடுத்தவர் வழக்கு

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. நாற்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றுள் இருபதுக்கு மேற்பட்டவற்றைத் தலைநகர் தில்லியில் மத்திய அரசு எழுத்தனாகக் கழித்த பின்னர், அவ்வாக்கு பாதிதான் உண்மை என்று சொல்லத் துணிகிறேன். தனக்கு வந்த தலைவலியே அடுத்தவருக்கு வரும்போது, அதனை அடையாளம் கண்டுகொள்ளாமல் இருக்கவும் மனிதனால் இயலும். அதற்குச் சான்று நானே.

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, இலக்கியம் பற்றி எழுதுவதாகவே ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது மனம் வேறு திசையில் சென்றது. அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

2003-ஆம் ஆண்டு தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் நியமன ஆணையுமாக நான் இந்நகருக்கு வந்தேன். வாடகைக்கு ஓர் அறை தேடிப் பதினொரு வீடுகளின் படி ஏறினேன். ஏழாவது வீட்டில் அறை பிடித்திருந்தது, வாடகையும் கட்டுப்படியாயிற்று. முன்பணத்தை எண்ணிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் ஊரைக் கேட்டார். சொன்னேன். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். “மதராசிகள் மீன் சமைப்பீர்கள், நாற்றம் தாங்காது” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார். அந்த அமைதிதான் என்னை நெடுநாள் வாட்டியது. இதனைப் படிக்கும் குடும்பங்களில் இத்தகைய படி ஒன்றில் ஏறி இறங்காதவர் சிலரே இருப்பர்.

இனிச் சொல்லப்போவதுதான் சொல்வதற்குக் கடினமானது. 2016-இல், நாங்கள் இன்று குடியிருக்கும் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்கு மணிப்பூரைச் சேர்ந்த மூன்று இளம்பெண்கள் வாடகைக்கு வந்தனர். மூவரும் மருத்துவமனைச் செவிலியர். இரவுப் பணி முடிந்து காலையில் வருவர்; உலர்ந்த மீனைச் சேர்த்து ஏதோ சமைப்பர்; அதன் மணம் படிக்கட்டு வரை வரும். குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு எழுந்தது. வீட்டு உரிமையாளருக்கு ஒரு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. “நீங்கள் அரசாங்க எழுத்தர்; வாசகத்தைச் சற்றுத் திருத்திக் கொடுங்கள்” என்று தலைவர் என்னிடம் தாளை நீட்டினார். திருத்திக் கொடுத்தேன். ‘நாற்றம்’ என்றிருந்ததை ‘சுகாதாரக் கேடு’ என்று மாற்றினேன். ஏழாவது கையொப்பம் என்னுடையது. அம்மா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் நெத்திலிக் கருவாடு கொண்டுவருவதும், சன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டு என் மனைவி அதனை வறுப்பதும் அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை என்றால் நம்புவீர்களா? வரவில்லை. இரண்டு மாதத்தில் அப்பெண்கள் வீட்டைக் காலி செய்தனர்.

அது நிற்க. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து என் மகள் கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்துப் படிக்கலானாள். பாகுபாட்டை எதிர்த்து ஐரோப்பாவில் வெவ்வேறு சம உரிமை இயக்கங்கள் ஒன்றுகூடி உழைத்தது பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. நானும் ஒரு காலத்தில் அஞ்சல்வழியில் வரலாறு பயின்று பி.ஏ. பட்டம் பெற்றவன். ஆதலால் இரவு உணவுக்குப் பின் இருவரும் சேர்ந்து படித்தோம். அவளுக்கு அது மதிப்பெண்ணுக்கான வேலை. எனக்கு அது அவ்வாறு முடியவில்லை.

முதலில் நாங்கள் படித்தது கிரன்விக் போராட்டம். இலண்டன் மாநகரின் வடமேற்கே வில்ஸ்டன் பகுதியில் அமைந்திருந்த பிலிம் கழுவும் தொழிற்கூடம் அது. மக்கள் பிலிம் சுருள்களை அஞ்சலில் அனுப்புவர். அவற்றைக் கழுவிப் படமாக்கி அஞ்சலிலேயே திருப்பி அனுப்புவது அதன் தொழில். வேலை செய்தவருள் பலர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குடிபெயர்ந்த இந்தியப் பெண்கள், பெரும்பாலும் குஜராத்தியர். கூலி குறைவு, மிகைநேர வேலை கட்டாயம். 1976 ஆகஸ்டு 20 அன்று ஜெயாபென் தேசாய் என்னும் பெண்மணி அந்தக் கட்டாயத்துக்கு உடன்பட மறுத்து வெளியேறினார். ஐந்தடிக்கும் குறைந்த உயரம், சேலை, கையில் ஒரு பை. அவரைத் தொடர்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியேறினர். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

இதில் வியப்பு எங்கே என்று கேட்கலாம். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1968 ஏப்ரலில், குடியேறியவர்களுக்கு எதிராக ஈனக் பவல் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் நஞ்சு தோய்ந்த உரையொன்றை ஆற்றினார். அவரை ஆதரித்து இலண்டன் துறைமுகத் தொழிலாளர் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போயினர். நிறம் வேறானவர் தம் வேலையைப் பறிக்க வந்தவர் என்பதே அன்று பல தொழிலாளர் மனத்தில் ஊறியிருந்த எண்ணம். அத்தகைய நாட்டில், 1977-இல், சேலை கட்டிய பெண்களின் மறியலுக்குத் துணையாகத் துறைமுகத் தொழிலாளரும் தம் பதாகையோடு வந்தனர். கிரிக்கிள்வுட் அஞ்சல் ஊழியர், தம் வேலைக்கே ஆபத்து நேரும் என்று அறிந்தும், அத்தொழிற்கூடத்தின் தபால்களைக் கையாள மறுத்தனர். பெண்ணுரிமைக் குழுக்கள் வந்தன. யார்க்ஷயரிலிருந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பஸ்களில் வந்து இறங்கினர். ஜூலை 11 அன்று திரண்ட கூட்டம் ஏறத்தாழ 20,000 என்பர்.

போராட்டம் வென்றதா? இல்லை. அரசு அமைத்த விசாரணைக் குழு, வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது, முதலாளி ஏற்கவில்லை. நீதிமன்றம் முதலாளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பெரிய சங்கங்களின் தலைமை மெல்லக் கைவிட்டது. அத்தலைமையின் வாயிலிலேயே ஜெயாபென் உண்ணாநோன்பு இருக்க நேர்ந்தது. 1978 ஜூலையில் போராட்டம் முடிந்தபோது வேலையை இழந்தவர்களுக்கு அவ்வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இதனைப் படித்தபோது என் மகள், “தோற்றுப்போனதை எதற்கு அப்பா கட்டுரையில் எழுத வேண்டும்?” என்று கேட்டாள். அடுத்த நாள் நாங்கள் படித்தது அதற்கு விடையாக அமைந்தது.

அந்தச் சுரங்கத் தொழிலாளருக்கே 1984-இல் சோதனை வந்தது. சுரங்கங்களை மூடும் அரசின் திட்டத்தை எதிர்த்து மார்ச்சு மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஓராண்டு நீண்டது. சங்கத்தின் நிதி நீதிமன்ற ஆணையால் முடக்கப்பட்டது. அடுப்பெரியாத வீடுகள் பெருகின. அவ்வேளையில் இலண்டனில் மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன் என்ற இரு இளைஞர் ஒரு சிறு குழுவைத் தொடங்கினர். அவர்கள் தன்பாலீர்ப்பினர். அன்றைய பிரிட்டனில் அவர்கள்பால் பத்திரிகைகள் சொரிந்த இழிசொல்லுக்குக் கணக்கில்லை. அவர்களுக்கென இலண்டனில் நடந்துவந்த ஒரு புத்தகக் கடையில் அவ்வாண்டு ஏப்ரலில்தான் சுங்க அதிகாரிகள் புகுந்து நூல்களை அள்ளிச் சென்றிருந்தனர். அதே கடையின் வாசலில் வாளியை ஏந்தி நின்று, சுரங்கக் குடும்பங்களுக்காகக் காசு திரட்டினர் இவர்கள்.

திரட்டிய பணத்தை அவர்கள் அனுப்பியது தென்வேல்சில் டுலைஸ் பள்ளத்தாக்கைச் சேர்ந்த உதவிக் குழுவுக்கு. மலையடிவாரத்துச் சிற்றூர்கள், தேவாலயமும் சுரங்கமும் ஊர் மன்றமுமே வாழ்க்கை. ‘இத்தகையவர் பணத்தை வாங்கலாமா?’ என்ற தயக்கம் அங்கும் எழாமல் இல்லை. ஆயினும் அவ்வூரார் வாங்கிக்கொண்டதோடு நிற்கவில்லை. 1984 அக்டோபரில் அவர்களைத் தம் ஊருக்கே அழைத்தனர். வந்தவர்கள் விடுதியில் தங்கவில்லை. தொழிலாளர் வீடுகளில் தங்கினர். அவர்கள் மேசையில் உண்டனர். எனக்கு இந்த இடத்தில்தான் முதன்முதலாகத் தொண்டை அடைத்தது. மாதக்கணக்கில் சம்பளமில்லாத வீட்டில், ஊரே முகஞ்சுளிக்கும் விருந்தாளிக்கு இலை போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் மூன்றாம் மாடியும் நினைவுக்கு வந்தது.

டிசம்பர் 10 அன்று இலண்டன் காம்டனில் ஓர் இசை நிகழ்ச்சி நடத்தி 5,000 பவுண்டுக்கு மேல் திரட்டினர். எனினும் 1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டன. கதை அங்கே முடிந்திருக்கலாம். அவ்வாண்டு ஜூனில், தன்பாலீர்ப்பினர் இலண்டனில் ஆண்டுதோறும் நடத்தும் ஊர்வலத்துக்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் தம் சங்கப் பதாகையோடு வந்து முன்னணியில் நடந்தனர். சில மாதங்களுக்குப் பின் தொழிற்கட்சி மாநாட்டில் இம்மக்களின் உரிமைக்கான தீர்மானம் வந்தபோது, சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் மொத்த வாக்கும் அதற்கே விழுந்தது, தீர்மானம் நிறைவேறியது. அதனை ஏற்ற கட்சி அன்று எதிர்க்கட்சி; சட்டங்கள் மாறப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. 1988-இல் எதிர்த்திசையில் ஒரு சட்டமே வந்தது. மார்க் ஆஷ்டன் எதனையும் காண இருக்கவில்லை. 1987-இல், 26 வயதில், எய்ட்ஸ் நோயின் விளைவாக இறந்தார். ஆயினும் இட்ட விதை மண்ணிலேயே கிடந்தது. 2014-இல் இக்கதை திரைப்படமாகவும் வந்தது. மகளோடு நானும் பார்த்தேன்.

பிரிட்டனில் மட்டும் நிகழ்ந்ததன்று இது. தொண்ணூறுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடுகளில் இனப் பாகுபாட்டை எதிர்ப்போர் ஒருபுறமும், பெண்கள் அமைப்புகள், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள், முதியோர் அமைப்புகள், தன்பாலீர்ப்பினர் அமைப்புகள் முதலியன மற்றொருபுறமும் தத்தம் கதவைத் தனித்தனியே தட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொருவரும் பிரஸ்ஸல்ஸ் நகரில் தம் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தனர். 1997-இல் கையொப்பமாகி 1999-இல் நடைமுறைக்கு வந்த ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்தின் 13-ஆம் பிரிவில் அக்கோப்புகள் ஒன்றாயின. பால், இனம், சமயம் அல்லது நம்பிக்கை, உடற்குறை, வயது, பாலீர்ப்பு ஆகிய ஆறு அடிப்படைகளிலும் நிகழும் பாகுபாட்டை எதிர்த்துச் செயற்பட அப்பிரிவு ஒன்றியத்துக்கு அதிகாரம் தந்தது. கோப்புகளோடு வாழ்பவனாகிய எனக்கு அந்த ஒற்றை வாக்கியத்தின் அருமை தெரியும். ஒரு சொல் உள்ளே புகுவதற்கு எத்தனை பேர் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்!

2000-ஆம் ஆண்டில் அதன் அடியாக இரண்டு ஆணைகள் பிறந்தன. ஜூனில் வந்த முதல் ஆணை இன அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுத்தது; வேலை, கல்வி, வீட்டுவசதி, கடை கண்ணி வரை அது செல்லும். நவம்பரில் வந்த இரண்டாவது ஆணை சமயம், உடற்குறை, வயது, பாலீர்ப்பு ஆகியவற்றைக் காத்தது. ஆனால் வேலைவாய்ப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றின் எல்லைக்குள் மட்டும். அதாவது, மாற்றுத்திறனாளி ஒருவருக்கு வேலை மறுத்தால் அந்த ஆணை துணை நிற்கும். வீடு மறுத்தால் நிற்காது. இக்குறையை நீக்க 2008-இல் ஒரு புதிய ஆணை முன்மொழியப்பட்டது. உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமனதாக இசைய வேண்டும் என்பது விதி. பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த இசைவு கிட்டவில்லை. சேர்ந்து கேட்டவர்களுக்குச் சமமாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இயக்கங்களுக்குள்ளும் மனத்தாங்கல் இருந்தது. ‘எல்லோரையும் ஒன்றாகக் கட்டினால் என் குறை அடியில் போய்விடுமே’ என்ற அச்சம் சிறியதன்று; ஒவ்வொரு பந்தியிலும் கடைசியில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கே அவ்வச்சம் வரும்.

நிறைவாக ஒரு வழக்கைச் சொல்லி என் கதைக்குத் திரும்புகிறேன். பல்கேரிய நாட்டில் டுப்னிட்சா என்றோர் ஊர். அங்கே ரோமா இன மக்கள் பெருவாரியாக வாழும் ஒரு பகுதி. ஜிப்சிகள் என்று பிறர் இகழ்ந்து அழைப்பது இம்மக்களைத்தான். மற்ற பகுதிகளில் மின்சார மீட்டர்கள் ஏறத்தாழ 1.70 மீட்டர் உயரத்தில், மனிதன் நின்று பார்க்கும் இடத்தில் இருந்தன. இப்பகுதியில் மட்டும் 6 அல்லது 7 மீட்டர் உயரத்தில், கம்பத்தின் தலையில் பொருத்தப்பட்டன. இங்குள்ளோர் மின்சாரம் திருடுவர் என்பது மின்வழங்கு நிறுவனம் சொன்ன காரணம். திருடியவர் யார், திருடாதவர் யார் என்ற கேள்வியே இல்லை. இப்பகுதியில் மளிகைக் கடை நடத்திய ஒரு பெண்மணி, தம் மீட்டரைத் தாமே பார்க்க முடியவில்லை. பில் சரியா என்று அறிய வழியில்லை என்று வழக்குத் தொடுத்தார்.

அவர் ரோமா இனத்தவர் அல்லர்.

வழக்கு ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது. 2015 ஜூலை 16 அன்று அந்நீதிமன்றம் விளக்கம் அளித்தது: ஓர் இனத்தாரைக் குறித்து எடுக்கப்பட்ட பாகுபாட்டு நடவடிக்கையால் அவ்வினத்தைச் சாராத ஒருவரும் அவர்களோடு சேர்ந்து பாதிக்கப்பட்டால், அவருக்கும் அதே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. இதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 2008-இல், உடற்குறையுள்ள மகனைப் பேணியதற்காக வேலையில் இன்னலுற்றதாக முறையிட்ட ஒரு தாயின் வழக்கிலும், குறை தாய்க்கு இல்லாவிடினும் சட்டம் அவரையும் காக்கும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. இயக்கங்கள் தெருவில் கற்றதை நீதிபதிகள் எழுத்தில் வடித்தார்கள் என்றே எனக்குத் தோன்றியது. அடுத்தவர் வழக்கு என்று ஒன்று இல்லை. அடுத்த வீட்டுக் கம்பத்தில் ஏற்றப்பட்ட மீட்டரோடு நம் மீட்டரும் ஏறிவிடுகிறது.

இவ்வழக்கைப் படித்த இரவு மகள் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்பா, மூன்றாம் மாடி அக்காமார் மீது கொடுத்த அந்த மனுவை எழுதியது நீங்கள்தானே?” என்றாள். அப்போது அவள் பள்ளிச் சிறுமி. அவளுக்கு நினைவிருக்கும் என்று நான் எண்ணவில்லை. “எழுதவில்லை, திருத்தினேன்” என்றேன். சொன்னவுடனே அது எவ்வளவு எழுத்தர்த்தனமான விடை என்று எனக்கே விளங்கிற்று. அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையில் நின்ற என் மனைவி, “அந்தப் பெண்களில் ஒருத்திதான் அத்தைக்குச் சர்க்கரை மயக்கம் வந்த அன்று ஓடிவந்து ஊசி போட்டாள்” என்று மட்டும் சொன்னாள். அதுவும் உண்மை. அதனையும் நான் மறந்திருந்தேன்.

அவர்களைத் தேடினேன். வீட்டு உரிமையாளரிடம் இருந்த தொலைபேசி எண் வழக்கில் இல்லை. அவர்கள் பணியாற்றிய மருத்துவமனையை விட்டும் நீங்கிவிட்டனர். மன்னிப்புக் கேட்கவும் முகவரி வேண்டும். அதனை நானே ஒழித்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் அடுக்ககத்தில் வேறொரு தாள் சுற்றுக்கு வந்தது. தரைத்தளத்துப் பெரியவர் சக்கர நாற்காலிக்கு மாறியவர். நுழைவாயிலில் ஒரு சாய்தளம் கட்டித்தரக் கேட்டிருந்தார். கட்டடத்தின் அழகு கெடும், பொதுப்பணம் வீணாகும் என்று அதனை மறுக்கும் மனு அது. இம்முறையும் வாசகம் திருத்த என்னிடமே வந்தது. நான் திருத்தவில்லை. அதன் கீழே, அலுவலக வழக்கப்படி, மாற்றுக் கருத்து என்று தலைப்பிட்டு ஐந்து வரி எழுதிக் கையொப்பமிட்டேன். மறுநாள் நான்காம் மாடிச் சீக்கியக் குடும்பத்தார் அதன் கீழே கையொப்பமிட்டனர். பின்னர் இரண்டாம் மாடி மலையாளி ஆசிரியை. மனு அதற்கு மேல் நகரவில்லை. சாய்தளம் இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் கோரிக்கை உயிரோடு இருக்கிறது.

பெரிய செயல் என்று இதனைச் சொல்லவில்லை. கிரிக்கிள்வுட் அஞ்சல்காரர் தம் வேலையைப் பணயம் வைத்தார். நான் பக்கத்து வீட்டாரின் முகஞ்சுளிப்பை மட்டுமே ஏற்றேன். ஆயினும் இம்மலரைப் படிக்கும் குடும்பத்தாரிடம் ஒன்று கேட்க எனக்கு உரிமை உண்டென்று கருதுகிறேன். வெளியூரில் வாழும் நாம் நமக்கு இழைக்கப்பட்டவற்றை நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். பொங்கல் விழாவில் கூடினால் அதனைப் பேசாமல் கலைவதில்லை. அந்நினைவைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. நம் சங்கத்தில் இரண்டு மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு இருக்கட்டும். நம் சுற்றுவட்டாரத்தில் ஊர், மொழி, சமயம், சாதி, உடற்குறை என எதன் பேராலேனும் ஒருவருக்கு வீடோ வழியோ மறுக்கப்பட்டால், அவர் தமிழரா என்று கேளாமல் அவருடன் சென்று நிற்பது அதன் வேலையாகட்டும். வரும் பொங்கலுக்கு அவர்களையும் அழைப்போம்; பந்தியில் நம் பக்கத்தில் உட்கார வைப்போம்.

அம்மா அடுத்த மாதம் வருகிறார். கருவாடு கொண்டுவருவார். இம்முறை சன்னலை அடைக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன்.